மீதி வெயிட்டை யாரு தூக்குறா? கப்பி, பலகை, நூல்கண்டோட நாலு வாரம்

என் பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு அஞ்சு, கூடவே பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க மூணு பேரு, அவங்க ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள. நாலு வாரமா சனிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் நெம்புகோல், கப்பி, சாய்தளம், விசை, ஆற்றல்னு ஒவ்வொண்ணா கையால செஞ்சு பார்த்தோம். என்ன பொருள் வச்சோம், என்ன அளவு வந்துச்சு, எது சரியா வரலைன்னு ஒரு நோட்ல எழுதிக்கிட்டே வந்தேன். வீட்ல இதே மாதிரி செய்ய நினைக்குறவங்களுக்கு ஆகும்னு அதை எழுதுறேன்.

முதல் வாரம் நான் ஆரம்பிச்ச விதமே தப்பு. நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகுன்னு ஆறு படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டி பேரு சொல்லிக் குடுத்தேன். அரை மணி நேரத்துல எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டாங்க. சரின்னு, "கதவுக் கைப்பிடியை ஏன் கீல் பக்கம் வைக்காம அந்தக் கடைசில வச்சிருக்காங்க?"ன்னு கேட்டேன், ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல, பொண்ணு மட்டும் "அங்கதான் இடம் இருக்கு"ன்னா. சார்ட்டைக் கழட்டி வச்சுட்டு எல்லாரையும் கதவுகிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன்.

கதவுதான் வீட்ல இருக்குறதுலயே நல்ல நெம்புகோல், செலவே இல்ல. நான் கீல்ல இருந்து 10 சென்டிமீட்டர்ல கை வச்சேன், பையன் இன்னொரு பக்கம் 70 சென்டிமீட்டர்ல, கைப்பிடிகிட்ட கை வச்சான். ரெண்டு பேரும் எதிரெதிரா தள்ளணும். அவன் தூரம் என் தூரத்தைப் போல 7 மடங்கு, அப்ப நான் அவனைப் போல 7 மடங்கு தள்ளினாத்தான் சமம். அவன் ஜெயிச்சுட்டான். அதுவரைக்கும் பின்னாடி நின்னுட்டு இருந்த பிள்ளைங்கல்லாம் "நான் நான்"னு வரிசைல வந்துட்டாங்க. ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், கீல் பக்கம் பெரியவங்க மட்டும்தான் நிக்கணும், கதவு மேல ஒரு தடிமனான டவலை மடிச்சுப் போட்ருங்க, அப்பதான் கதவு முழுசா மூடாது, விரல் மாட்டாது.

விசைன்னா என்னன்னு நான் வரையறை சொல்லல. ரப்பர் பேண்டைப் பொம்மை வண்டில மாட்டி இழுக்கச் சொன்னேன், வண்டில புக்கு ஏத்த ஏத்த ரப்பர் நீளுது, அவ்வளவுதான். ஆனா ரப்பரை வச்சு நம்பர் எடுக்காதீங்க, அது இழுக்குற அளவுக்குச் சரிசமமா நீளாது, அதிகமா கம்மியான்னு பார்க்க மட்டும்தான் ஆகும். நம்பர் வேணும்னா ஸ்பிரிங் தராசு வேணும், அதுவும் முள்ளு வச்சது. என்கிட்ட இருந்த டிஜிட்டல் லக்கேஜ் தராசு கொஞ்ச நேரம் ஆடாம இருந்தா அந்த நம்பரையே பிடிச்சுட்டு நின்னுடும், இழுத்துக்கிட்டே பார்க்குற வேலைக்கு அது சரிப்படல. 10 கிலோ வரைக்கும் காட்டுற முள்ளு தராசு ரெண்டு வாங்கினேன், ரெண்டு ஏன்னு அப்புறம் சொல்றேன். பையனுக்குப் புள்ளி வச்ச நம்பர் படிக்கத் தெரியாது, அதனால டயல்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு டேப் ஒட்டி விட்டேன், அவன் கலர் சொல்லுவான், பொண்ணு நம்பர் சொல்லுவா. 100 கிராம் எடையைக் கைல வச்சா நம்ம கை தாங்குறது கிட்டத்தட்ட 1 நியூட்டன் (விசையை அளக்குற அலகு), அதையும் ஒவ்வொருத்தர் கையிலயும் வச்சுக் காட்டினேன்.

ரெண்டாவது வாரம் கப்பி. எனக்கு இந்த நாலு வாரத்துல ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

வராண்டால குறுக்கே போற இரும்பு பைப் ஒண்ணு இருக்கு, ஆள் தொங்கினாலும் தாங்கும்னு நானே தொங்கிப் பார்த்தேன். சின்ன கப்பி ரெண்டு, நைலான் கயிறு, ஒரு வாளி. வாளிக்குள்ள தண்ணி பாட்டில் வச்சு, தராசுல சரியா 4 கிலோ காட்டுற வரைக்கும் கூட்டிக் குறைச்சு வச்சுக்கிட்டோம். வாளி தரைல இருந்து அரை மீட்டருக்கு மேல போகக் கூடாது, அடியில தலைகாணி, வாளிக்குக் கீழ யாரும் காலை நீட்டக் கூடாதுன்னு ரூல் போட்டேன்.

முதல்ல ஒரே ஒரு கப்பியை பைப்ல மாட்டி, கயிறைக் கீழ இழுத்து வாளியைத் தூக்கினோம். கயிறு நுனியில தராசு. 4.6 காட்டுச்சு! எட்டு வயசுப் பையன் உடனே, "அங்கிள், கப்பி வச்சா ஈஸின்னு சொன்னீங்களே, இது கூடல்ல இருக்கு?"ன்னான். அவன் கேட்டதுதான் சரி. பைப்ல நிலையா மாட்டுன கப்பி வெயிட்டைக் குறைக்காது, இழுக்குற பக்கத்தை மட்டும்தான் மாத்தும். மேல தூக்குறதுக்குப் பதிலா கீழ இழுக்கலாம், நம்ம உடம்பு வெயிட்டையே போட்டு இழுக்கலாம், லாபம் அவ்வளவுதான். மேல இருக்குற 0.6 கப்பியோட அச்சு உரசுறதால வந்தது. அச்சுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தா 4.3. உராய்வுன்னு ஒரு வார்த்தையை நான் தனியா சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்லாம போச்சு, எண்ணெய்க்கு முன்ன, எண்ணெய்க்குப் பின்னன்னு ரெண்டு நம்பர் போதுமா இருந்துச்சு. இங்க ஒரு விஷயம், மெதுவா இழுத்துக்கிட்டே இருக்கும்போதுதான் அளவைப் படிக்கணும், நிறுத்திட்டுப் படிச்சா உராய்வு எந்தப் பக்கம் வேணாலும் பிடிச்சு நிக்கும், நம்பர் ஒவ்வொரு தடவையும் மாறும்.

அப்புறம் கப்பியைக் கழட்டி வாளியோட கைப்பிடியில மாட்டினேன். கயிறோட ஒரு நுனி மேல பைப்ல, கயிறு கீழ வந்து கப்பியைச் சுத்தி மேல போகுது, இன்னொரு நுனி நம்ம கைல. நான் ஒரு ஸ்டூல் மேல நின்னு மெதுவா மேல இழுத்தேன். தராசு 2.1 காட்டுச்சு.

எல்லாரும் கை தட்டினாங்க, என் பொண்ணு மட்டும் தட்டல. "அப்பா, வாளி 4 கிலோ. நீங்க 2 தான் தூக்குறீங்க. மீதியை யாரு தூக்குறா?"

நான் வாயைத் திறக்கல, மத்தவங்களைக் கேட்டேன். "கப்பி தூக்குது"ன்னு ஒருத்தன், "காத்துல போயிருச்சு"ன்னு பையன், "கயிறு தூக்குது"ன்னு இன்னொருத்தி. கயிறு தூக்குதுன்னா கயிறை யாரு பிடிச்சிருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கயிறுன்னு சொன்னவளே பைப்பைக் காட்டினா. ரெண்டாவது தராசு வாங்கினது இதுக்குத்தான். பைப்புக்கும் கயிறு நுனிக்கும் நடுவுல அதை மாட்டி விட்டு மறுபடி இழுத்தேன், மேல 2.0, என் கைல 2.1.

அன்னைக்கு அவங்க முகத்தைப் பார்த்திருக்கணும். பைப்பும் தூக்குது! சும்மா மேல கெடக்குற ஒரு இரும்புக் குழாய் எங்ககூட சேர்ந்து பாதி வாளியைத் தூக்குதுன்னு அவங்களுக்கு அப்பதான் பட்டுச்சு. அதோட முடியல. பொண்ணு கூட்டிப் பார்த்துட்டு, "2.0-வும் 2.1-ம் சேர்ந்தா 4.1, வாளி 4 தானே?"ன்னா. இதை நான் எதிர்பார்க்கவே இல்ல, நானும் கூட உக்காந்து யோசிச்சேன். அப்புறம் கப்பியைக் கழட்டி அதோட கொக்கியோட கிச்சன் தராசுல வச்சோம், 100 கிராம். கப்பியும் வாளியோட சேர்ந்து மேல போகுதுல்ல, அதையும் யாராவது தூக்கணும்ல.

கடைசியா கயிறு கணக்கு. கயிறுல 10 சென்டிமீட்டருக்கு ஒரு கலர் டேப் சுத்தி வச்சிருந்தேன், பக்கத்துல ஒரு குச்சியிலயும் அதே மாதிரி டேப். வாளி 5 டேப் ஏறுச்சு, கயிறு 10 டேப் வந்துச்சு. அஞ்சு வயசுப் பையனே எண்ணிட்டான். பாதி வெயிட், ரெட்டைக் கயிறு. எந்தக் கருவியும் சும்மா எதையும் தராது, விசைல மிச்சம் பிடிச்சா தூரத்துல குடுத்தாகணும்னு கலிலியோ 1600 வாக்குலயே தெளிவா விளக்கிட்டார், அதே விஷயத்தை எங்க வராண்டால கலர் டேப்பு எண்ணிக் கண்டுபிடிச்சாங்க. பெரிய பசங்களுக்காக கணக்கும் போட்டேன். 4 கிலோவை அரை மீட்டர் தூக்க சுமார் 20 ஜூல் (ஆற்றலை அளக்குற அலகு) வேணும், நாங்க குடுத்தது 2.1 கிலோ அளவு இழுவையில 1 மீட்டர், அதாவது சுமார் 21 ஜூல். மிச்ச 1 ஜூல்ல பாதி கப்பியைத் தூக்கவும் மீதி உராய்வுலயும் போச்சு. 100 கிராமை ஒரு மீட்டர் தூக்கினா சுமார் 1 ஜூல்னு ஞாபகம் வச்சுக்கிட்டா குழந்தைங்களோட இதெல்லாம் மனக்கணக்காவே போடலாம்.

அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் "மீதியை யாரு தூக்குறா?"தான். நான் போட்டு வச்சிருந்த மூணாவது வார பிளானையே இந்தக் கேள்விக்காக மாத்திட்டேன்.

மூணாவது வாரம் பலகை. 240 சென்டிமீட்டர் நீளம், 12 கிலோ இருக்கும். என் எடை 68, பையன் 19. அவன் என்னைத் தூக்கணும். பலகைக்கு அடியில தாங்குகட்டையா முதல்ல ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவுத்து வச்சேன், என் வெயிட்டைத்தான் அது தாங்கப் போகுது, தாங்கும்னு நினைச்சேன். நான் ஏறி அவனும் அந்தப் பக்கம் உக்காந்ததும் பெட்டி விரிசல் விட்டுருச்சு. யாருக்கும் அடி இல்ல, ஆனா ஏன் உடைஞ்சதுன்னு பார்க்காம மேல போகக் கூடாதுன்னு நிறுத்திட்டேன்.

உள்ள வந்து 30 சென்டிமீட்டர் மர ஸ்கேலை எடுத்தோம். கிச்சன் தராசு மேல ஒரு முக்கோணப் பென்சில், அது மேல ஸ்கேல், நடுவுல 15-ல சரியா நிக்குற மாதிரி. தராசை ஜீரோ பண்ணியாச்சு. இப்ப ஒரே சைஸ் இரும்பு நட்டு 10. ஒரு பக்கம் நடுவுல இருந்து 3 சென்டிமீட்டர்ல 8 நட்டு, இன்னொரு பக்கம் 12 சென்டிமீட்டர்ல 2 நட்டு. சமமா நின்னுச்சு, எட்டு மூணு 24, ரெண்டு பன்னெண்டு 24. ரெண்டு நட்டு எட்டு நட்டைத் தாங்குது, மீதி ஆறு எங்கன்னு கேட்டுட்டு தராசைப் பார்த்தாங்க. அங்க ஆறு நட்டோட எடை இல்ல, 10 நட்டோட எடை இருந்துச்சு! நெம்புகோல்ல தாங்குகட்டைதான் எல்லாத்தையும் சுமக்குது, தூக்கப்படுற பாரத்தையும் சேர்த்து, தூக்குறவன் அழுத்துறதையும் சேர்த்து. அப்ப அந்தப் பிளாஸ்டிக் பெட்டி மேல எவ்வளவு? 68, 19, பலகை 12, மொத்தம் 99 கிலோ. உடைஞ்சதுல ஆச்சரியமே இல்ல. நெம்புகோல் பத்தி சொல்லிக் குடுக்குறவங்க விசை, தூரம்னே பேசிட்டு நடுவுல இருக்குறதை விட்டுடுறோம், நானும் அப்படித்தான் இருந்தேன். குழந்தையை உக்கார வச்சு செய்யப் போறீங்கன்னா முதல்ல பார்க்க வேண்டியது அந்தக் கட்டைதான்.

பெரிய உருட்டு மரக்கட்டை ஒண்ணு கிடைச்சுது, உருளாம ரெண்டு பக்கமும் ஆப்பு வச்சோம். கட்டையை என் பக்க நுனியில இருந்து 60 சென்டிமீட்டர்ல வச்சு, நான் கட்டையில இருந்து 55-ல நின்னேன், ஜன்னல் கம்பியை லேசா பிடிச்சுக்கிட்டேன், பையன் 170-ல உக்காந்தான். நான் மெதுவா மேல வந்தேன். அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. ஆனா கணக்கு போட்டா 19 தடவை 170, 3230 தான் வருது, என் பக்கம் 68 தடவை 55, 3740. அவன் தோத்திருக்கணுமே? பலகையோட வெயிட் அவன் பக்கம் சேர்ந்து உதவுச்சு. பலகையோட நடுப்புள்ளி கட்டையில இருந்து 60 தள்ளி அவன் பக்கம்தான் இருக்கு, 12 தடவை 60, இன்னொரு 720. மொத்தம் 3950, அதனாலதான் நான் மேல போனேன். இதைப் பிள்ளைங்களுக்குச் சொன்னப்ப, "பலகையும் நம்ம டீமா?"ன்னு ஒருத்தி கேட்டா. ஆமா, அன்னைக்கு அது அவங்க டீம்தான்.

சாய்தளத்துக்கு அவ்வளவு நேரம் ஆகல. 120 சென்டிமீட்டர் பலகையை 30 சென்டிமீட்டர் உயரத்துல சாய்ச்சு 2 கிலோ வண்டியை இழுத்தா 0.6, உயரத்தை 60 ஆக்கினா 1.1. உராய்வு இல்லேன்னா 0.5-ம் 1-ம் வந்திருக்கணும். மீதியை யாரு தூக்குறாங்கன்னா பலகை, பலகைக்குப் பதிலா வளையுற அட்டையை வச்சு அடியில உள்ளங்கையை வைக்கச் சொன்னா வண்டி போகும்போது கைல அழுத்துறது தெரியும். ஆனா இங்க கப்பி மாதிரி நேரா கூட்டிப் பார்க்கக் கூடாது. ரெண்டு விசையும் வேற வேற பக்கம் சாய்ஞ்சிருக்கு, முதல் சாய்வுல பலகை கிட்டத்தட்ட 1.94 கிலோ அளவு தாங்குது, நம்ம 0.5, கூட்டினா 2-ஐத் தாண்டிடும். ஏழு வயசுக்கு இந்த நம்பர் வேண்டாம்னு கையால தொட்டுப் பார்க்குறதோட விட்டுட்டேன். ஆர்க்கிமிடீஸ் நெம்புகோல் விதியை கிமு 3-ம் நூற்றாண்டுலயே நிரூபிச்சுட்டார், ஆனா ஹீரோன்ங்குற கிரேக்க அறிஞர் கிபி முதல் நூற்றாண்டுல எளிய இயந்திரங்கள்னு சொன்ன அஞ்சுல சாய்தளம் கிடையாது. அதுக்கு 1586-ல சைமன் ஸ்டெவின்ங்குற கணித அறிஞர் ஒரு சரியான விளக்கம் குடுத்தார், முக்கோணக் கட்டையைச் சுத்தி உருண்டை கோத்த சங்கிலியைப் போட்டா அது தானா சுத்தாதுங்குற ஒரே ஒரு யோசனையை வச்சு. பெரியவங்களுக்கே இவ்வளவு காலம் பிடிச்ச விஷயம், குழந்தைங்களுக்கு ஒரே காலைல புரியணும்னு அவசரப்பட வேண்டியதில்ல. திருகுக்கு முக்கோணமா வெட்டின பேப்பரைப் பென்சில்ல சுத்திக் காட்டினேன், சாய்தளம்தான் சுத்திக்கிட்டு மேல போகுதுன்னு பார்த்ததும் பிடிச்சுட்டாங்க.

நாலாவது வாரம் ஆற்றல். ஆற்றலை எந்தத் தராசுலயும் மாட்டி நேரா பார்க்க முடியாது, அதனால அது என்ன வேலை பண்ணுதுன்னு பார்க்குற மாதிரி வச்சேன். ஒரு சரிவு, ஒரு கோலிக்குண்டு, கீழ ஒரு பேப்பர் கப்பைக் கவுத்து ஒரு பக்கம் வாசல் மாதிரி வெட்டி வச்சேன். குண்டு உள்ள போய் கப்பைத் தள்ளிட்டுப் போகும். 10 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விட்டா 7 சென்டிமீட்டர் தள்ளுச்சு, 20-ல இருந்து 14, 30-ல இருந்து 20. உயரம் ரெட்டிப்பானா தள்ளுற தூரமும் ரெட்டிப்பு. குண்டைக் கையால தள்ளாம சும்மா விடணும், அதுக்கு ஒரு ஸ்கேலைக் குறுக்கே பிடிச்சு சட்டுன்னு தூக்கினா சரியா வருது, இல்லேன்னா பிள்ளைங்க ஆசையில ஒரு தட்டு தட்டிவிட்டுடுவாங்க. கப்பைத் தரைக்குப் பதிலா டவல் மேல வச்சப்ப ரொம்பக் கம்மியாத்தான் நகர்ந்துச்சு. அப்ப மீதி எங்க போச்சுன்னு அவங்களே கேட்டாங்க, நான் ரெண்டு கையையும் வேகமா தேய்க்கச் சொன்னேன், சூடாச்சு. கப்பும் அப்படித்தான் தரையைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு நிக்குது, நம்ம கைக்குத் தெரியாத அளவு கொஞ்சூண்டு சூடு.

கடைசியா நூல்கண்டு வண்டி. காலி நூல்கண்டு, அதோட ஓட்டை வழியா ஒரு ரப்பர் பேண்ட், ஒரு பக்கம் தீக்குச்சித் துண்டு வச்சு டேப் ஒட்டிடணும், இன்னொரு பக்கம் மெழுகுவர்த்தியை வட்டமா சீவி நடுவுல ஓட்டை போட்ட வில்லை, அதுக்கு வெளிய ஒரு நீளமான குச்சி. அந்த மெழுகு வில்லை ரொம்ப முக்கியம், அது வழுக்கலா இருக்குறதாலதான் முறுக்கு மெதுவா அவிழும், அது இல்லாம செஞ்சா குச்சி கண்டோட உரசிப் பிடிச்சுக்கிட்டு வண்டி நகரவே மாட்டேங்குது. நூல்கண்டு ரொம்ப வழவழன்னு இருந்தா சுத்தி ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டுடுங்க, தரையைப் பிடிக்கும். குச்சியை 30 சுத்து சுத்தித் தரைல வச்சா மெதுவா ஊர்ந்து போகும், சின்னத் தடையைக்கூட ஏறிடும்.

பையன் அதைத் தரைல விட்டுட்டு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னான். நான் கேட்டேன், "இப்ப வண்டியை யாரு தள்ளுறா?"

"நான்தான்."

"நீ தொடவே இல்லையே?"

"அப்பவே தள்ளிட்டேன்ப்பா, சுத்தும்போது. அதைத்தான் அது இப்ப எடுத்துக்குது."

இதை அப்படியே நோட்ல எழுதி வச்சிருக்கேன். அதுக்கப்புறம் அவன் இன்னும் தூரம் போகணும்னு 60 சுத்து சுத்தினான், ரப்பர் அறுந்துருச்சு, தீக்குச்சித் துண்டு எங்கயோ தெறிச்சுது. புது ரப்பரும் புதுத் துண்டும் போட்டுக் குடுத்தேன், பொண்ணு 40-க்கு மேல சுத்தாதேன்னு சொல்லிட்டு அவன் பக்கத்துல உக்காந்து எண்ண ஆரம்பிச்சுட்டா.